பன்னிரண்டு பெயர்கள், ஒன்பது மாதங்கள்: ஒரு ஏபிஎம் சேவையின் மதிப்பீடு

முதல் மாதப் பில் வந்தபோது எங்கள் கணக்குப் பிரிவினர் அதைத் தணிக்கைக் கட்டணத்தின் கீழ் பதிந்துவிட்டார்கள். "அக்கவுன்ட் பேஸ்டு மார்க்கெட்டிங்" என்று பில்லில் அச்சாகியிருந்ததில் முதல் சொல் மட்டுமே அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்தத் தொழிலில் அக்கவுன்ட் என்பது வரவு செலவுக் கணக்கைக் குறிப்பதில்லை; ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தை, அதன் கொள்முதல் பிரிவு முதல் வடிவமைப்புப் பிரிவு வரை ஒரே அலகாகக் குறிக்கிறது. ஏபிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையின் அடிப்படை எளிமையானது. எல்லோருக்கும் விளம்பரம் செய்து, வருகிறவர்களில் தேறுபவர்களைப் பொறுக்கியெடுப்பதற்குப் பதிலாக, நமக்கு வேண்டிய சில பெரிய நிறுவனங்களை முதலிலேயே பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்தச் சிலருக்காக மட்டும் உழைப்பது. இந்த முறையைச் சேவையாக வழங்கும் ஒரு முகமையை 2024 செப்டம்பர் முதல் 2025 மே வரை ஒன்பது மாதங்கள் பயன்படுத்தினோம். முகமையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே சேவையை ஏறத்தாழ இதே வடிவத்தில் விற்பவர்கள் பலர் இருப்பதால், இந்த மதிப்பீடு அவர்களில் யாரிடம் போகிறவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் யார் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றவை விளங்காது. கோவையில் அவிநாசி சாலையில், அரசூர்ப் பக்கம் இயங்கும் ஒரு ஃபவுண்டரியின், அதாவது வார்ப்பாலையின், ஏற்றுமதிப் பிரிவை நான் கவனித்துவருகிறேன். 200 கிலோவிலிருந்து 2 டன் வரை எடையுள்ள பம்ப் கேசிங், வால்வு பாடி போன்ற வெளிக்கூடுகளை, டக்டைல் அயர்ன் என்ற எளிதில் நொறுங்காத வார்ப்பிரும்பில் வார்த்து, மெஷினிங் செய்து அனுப்புகிறோம். எங்கள் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கும் மேல் மூன்றே வாடிக்கையாளர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் தம் ஆர்டர்களில் பாதியைத் துருக்கிக்கு மாற்றிவிட்டதாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் தெரிவித்தார். துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்கு லாரியிலேயே சரக்கு போய்விடும். எங்கள் சரக்கோ, கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கிய பிறகு, வழக்கத்தைவிட இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் மீது வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதிய வாடிக்கையாளர் ஒருவரையாவது பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அன்றைக்கு உண்டானது.

அதற்கு முன்பு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி கண்காட்சி. 2024 ஜூனில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த அக்கெமா கண்காட்சியில் அரங்கு எடுத்திருந்தோம். வேதியியல் தொழிலுக்கான அந்தப் பெரிய கண்காட்சி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. பம்ப் செய்யும் ஐரோப்பிய நிறுவனங்கள் அங்கே திரளாக வரும். ஐந்து நாட்களில் 212 விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஊருக்குத் திரும்பி அத்தனை பேருக்கும் ஒரே கடிதத்தையும் ஒரே கேட்டலாக்கையும் அனுப்பியதில் நான்கு என்கொயரி வந்தது. நான்குக்கும் விலைப்புள்ளி கொடுத்தோம். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. அரங்கு வாடகை, விமானம், தங்குமிடம், மாதிரிகளை அனுப்பிய செலவு என்று எல்லாவற்றையும் கூட்டினால், பின்னால் இந்த முகமைக்குக் கொடுத்த மொத்தத் தொகைக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

அந்தத் தொகையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தகைய சேவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். மாதம் 1,75,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒன்பது மாதத்துக்கு வரி நீங்கலாக 15,75,000 ரூபாய். இது தவிர லிங்க்ட்இன் விளம்பரங்களுக்கென்று தனியாக 3,60,000 ரூபாய் செலவானது. சிறுதொழிலுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் எங்கள் தொழிலின் கணக்கு வேறு. ஒரு வாடிக்கையாளர் மாதம் 40 டன் எடுத்தால், கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம் ரூபாய் வியாபாரம். பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான உரு) செய்து, மாதிரி அனுப்பி, ஆடிட் முடிந்து, சப்ளையராக ஏற்கப்படுவதற்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கும்; ஏற்கப்பட்டுவிட்டால் அவ்வளவு சுலபமாக மாற்ற மாட்டார்கள் என்பதால் அந்த உறவு பத்தாண்டு ஓடும். ஏபிஎம் பொருந்துவது இப்படிப்பட்ட இடத்தில்தான். ஒரு விற்பனையின் மதிப்பு சில ஆயிரங்களில் இருக்கிறவர்களும், வாங்குகிறவர் ஒரே ஆளாக இருந்து கடையிலேயே முடிவெடுத்துவிடும் தொழில்களில் இருக்கிறவர்களும் இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பது வீண்.

இந்த முறை பிறந்ததும் இதே போன்ற ஒரு தேவையிலிருந்துதான். ஐடிஎஸ்எம்ஏ என்ற அமெரிக்க அமைப்பு, 2000-களின் தொடக்கத்தில், பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களுக்காக இதை ஒரு முறைமையாக வகுத்தது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து கோடிக்கணக்கில் வருமானம் பெறும் நிறுவனங்களுக்குப் பொதுவான விளம்பரம் உதவவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனியொரு சந்தையாகவே கருத வேண்டியிருந்தது. பின்னர் இது மூன்று படிநிலைகளாகப் பிரிந்தது. ஒரு நிறுவனத்துக்கென்று முழுத் திட்டம் தீட்டுவது முதல் படி. ஒரே மாதிரியான தேவையுள்ள சில நிறுவனங்களைச் சேர்த்து ஒரு குழுவாக அணுகுவது இரண்டாவது. மென்பொருளின் துணையோடு நூற்றுக்கணக்கான நிறுவனங்களைக் குறிவைப்பது மூன்றாவது. 2010-களில் டிமாண்ட்பேஸ், டெர்மினஸ், 6சென்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்த பிறகு மூன்றாவது படிதான் ஏபிஎம் என்று பலரும் நினைக்கும் நிலை வந்துவிட்டது. எங்களுக்கு வேண்டியிருந்தது முதல் படி. முகமைக்குக் கைவந்த கலை மூன்றாவது. ஒன்பது மாதங்களில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை.

நல்லதை முதலில் சொல்கிறேன், அது நடந்ததும் முதலில்தான். மூன்றாவது வாரத்தில் சென்னையிலிருந்து முகமையின் பகுப்பாய்வாளராக ஓர் இளம்பெண் வந்தார். 140 ஐரோப்பிய நிறுவனங்களின் பட்டியலை அவர் கொண்டுவந்திருந்தார். மறுநாள் மாலைக்குள் அது பன்னிரண்டாகக் குறைய வேண்டும் என்று அவர் சொன்னபோது எங்கள் நிர்வாக இயக்குநர் சிரித்துவிட்டார். 140 வாசல்களைத் தட்டினால் ஒன்றாவது திறக்குமே, எதற்காக 128 வாசல்களை நாமே மூட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. எங்கள் குவாலிட்டி மேனேஜர்தான் அதற்குப் பதில் சொன்னார்: "நூத்திநாப்பது பேருக்கும் ஒரே லெட்டர் போடறதுன்னா அதை நாமளே போட்டுக்கலாமுங்க. இந்த அம்மிணி எதுக்குங்க?"

அந்தக் கூட்டத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், நாங்கள் கொடுத்த பணத்துக்கான மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஒன்றரை நாளில் கிடைத்தது. பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார்கள். முதல் கேள்வி, இந்த நிறுவனத்தின் கேசிங்குகள் எந்த உலோகத்தில் செய்யப்படுகின்றன என்பது. அந்த ஒரு கேள்வியிலேயே 31 பெயர்கள் போயின. அவர்கள் டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மட்டுமே செய்கிறவர்கள், நாங்கள் வார்ப்பது இரும்பு. பல ஆண்டுகளாக நாங்கள் கேட்டலாக் அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்கள் அந்த 31-க்குள் இருந்தன. அடுத்தது எடை. எங்கள் மோல்டிங் பெட்டியின் அளவுக்குச் சிறிய வார்ப்படம் கட்டுப்படியாகாது. "இவங்க சாமானெல்லாம் எழுவது கிலோவுக்குள்ளதானுங்க. நம்ம பெட்டியில போட்டா கரண்டு பில்லுக்கே கட்டாதுங்க" என்று உற்பத்தி மேலாளர் சொல்லச் சொல்ல, மேலும் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் அடிபட்டன. சொந்த ஃபவுண்டரி வைத்திருப்பவர்கள், சீனாவில் கூட்டு நிறுவனம் வைத்திருப்பவர்கள், சப்ளையர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவருவதாகத் தம் ஆண்டறிக்கையிலேயே எழுதியிருப்பவர்கள் என்று அடுத்தடுத்துக் கழிந்தார்கள். கடைசியில் நிர்வாக இயக்குநர் இருபது ஆண்டுகளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த, உலகம் அறிந்த ஒரு பெயரும் அடிபட்டது. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "சரி, அடிங்க" என்றார்.

மிஞ்சிய பன்னிரண்டு பேரும் பெரிதாகப் பெயர் கேள்விப்படாத நடுத்தர நிறுவனங்கள். ஜெர்மனியில் ஆறு, இத்தாலியில் மூன்று, டென்மார்க்கில் ஒன்று, ஆஸ்திரியாவில் இரண்டு. எங்கள் விற்பனைப் பிரிவு தனியாக உட்கார்ந்து இந்தப் பட்டியலைச் செய்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும்; இருபது ஆண்டுகளாக அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை. உற்பத்தியையும் தரக் கட்டுப்பாட்டையும் விற்பனையையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அவரவர் ஆசைப் பெயர்களை அவரவர் வாயாலேயே அடிக்கவைக்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார்.

அடுத்த ஆறு வாரங்கள் ஆய்வில் கழிந்தன. பன்னிரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியே எட்டுப் பக்க அறிக்கை கொடுத்தார்கள். அவற்றில் நான்கைந்து சுமார்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் இருப்பதையே அழகாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். மற்றவற்றில் உழைப்பு தெரிந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் முடிவில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று வரைந்து காட்டியிருந்தது எனக்குப் புதிது. சிக்கலான ஒரு கொள்முதலில் வழக்கமாக ஆறு முதல் பத்துப் பேர் வரை முடிவெடுப்பவர்களாக இருக்கிறார்கள் என்பது கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வு முடிவு. நாங்களோ அதுவரை பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவருக்கு மட்டுமே எழுதிக்கொண்டிருந்தோம். வார்ப்படத்தின் வரைபடத்தில் கையெழுத்திடும் வடிவமைப்புப் பொறியாளரும், வந்த சரக்கைத் திருப்பியனுப்பும் அதிகாரமுள்ள சப்ளையர் குவாலிட்டி பொறியாளரும் எங்கள் கடிதங்களில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

பகுப்பாய்வாளரின் திறமைக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஒரு நிறுவனம், வார்ப்படங்களுக்கான சப்ளையர் குவாலிட்டி பொறியாளர் வேண்டும் என்று நவம்பரில் தன் இணையதளத்தில் வேலைவாய்ப்பு அறிவிப்பு வெளியிட்டிருந்தது. தகுதிகளின் கடைசி வரியில், ஆசியாவுக்கு அடிக்கடி பயணம் செய்ய வேண்டியிருக்கும் என்று இருந்தது. அந்த ஒரு வரியை வைத்து, இவர்கள் ஆசியாவிலிருந்து வாங்குவதை அதிகரிக்கப்போகிறார்கள், புதிதாக வரும் பொறியாளருக்குத் தம் பங்குக்கு நல்ல சப்ளையர் ஒருவரைக் காட்ட வேண்டிய தேவையும் இருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். அதே நிறுவனத்தின் பொருள் கையேட்டில் இஎன்-ஜிஜேஎஸ்-400-18-எல்டி என்ற குளிர்நிலை டக்டைல் அயர்ன் குறிப்பிடப்பட்டிருப்பதையும் கண்டுபிடித்திருந்தார். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் அடித்துச் சோதிக்கும்போது சராசரியாக 12 ஜூல் தாங்க வேண்டிய உலோகம் அது. எல்லா ஃபவுண்டரிகளும் அதைத் தவறாமல் வார்த்துவிடுவதில்லை. எங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு அது கைப்பழக்கம். இலக்கியம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்த ஒரு குறியீட்டின் முக்கியத்துவம் புரிந்தது என்பதற்காகவே முகமைக்கு என் மதிப்பெண்ணில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன்.

இனி குறைகள். முகமையின் திட்டப்படி இந்த நிறுவனங்களில் இருக்கும் ஐம்பது அறுபது பேருக்கு ஐந்து மின்னஞ்சல்கள் கொண்ட ஒரு தொடர் போக வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகச் செய்து பழகிய முறை அது. ஜெர்மனியில் எங்கள் முகவராக இருக்கும் பெரியவரிடம் யதேச்சையாகச் சொன்னபோது அவர் பதறிவிட்டார். ஜெர்மானிய நியாயமற்ற வணிகப் போட்டித் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, முன்கூட்டியே வெளிப்படையான ஒப்புதல் பெறாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது; பெறுகிறவர் தனிமனிதரா நிறுவனமா என்ற வேறுபாடு அதில் இல்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பற்றி முகமைக்குத் தெரிந்திருந்தது, அதில் நியாயமான வணிக நலன் என்ற அடிப்படையில் இடமிருக்கிறது என்றும் வாதிட்டார்கள். ஆனால் அதற்கு மேல் ஜெர்மனிக்கென்று தனிச் சட்டம் இருப்பதை அவர்கள் பார்த்திருக்கவில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ஒரு முகமைக்கு இது சிறிய பிழை அல்ல.

மற்றொரு பிழை அச்சுக்குப் போகும் நிலையில் பிடிபட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி (இறக்குமதிப் பொருட்களைத் தயாரிக்கையில் வெளியாகும் கரிமத்துக்கான வரி) குறித்து அங்குள்ள எல்லாக் கொள்முதல் அதிகாரிகளுக்கும் கவலை உண்டு என்பதால், அதைப் பற்றி ஒரு கையேடு தயாரித்து அனுப்பலாம் என்றார்கள். யோசனை நல்லதுதான். 2023 அக்டோபரில் தொடங்கிய இடைக்கால கட்டம் 2025 இறுதி வரை என்றும், 2026 ஜனவரியிலிருந்து உண்மையான செலவு தொடங்கும் என்றும் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பம்ப் கேசிங்குகளும் அதில் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். பம்ப் உதிரிகள் சுங்க வகைப்பாட்டின் 84-ஆம் அத்தியாயத்தில் வருபவை. அந்த ஒழுங்குமுறையின் இரும்பு எஃகுப் பட்டியலிலோ பெரும்பாலும் 72, 73 ஆகிய அத்தியாயங்களின் பொருட்களே இருந்தன. இதே இரும்பைக் குழாய் இணைப்பாக வார்த்தால் 73-க்குள் போய்ப் பட்டியலில் மாட்டிக்கொள்ளும், பம்ப் கேசிங்காக வார்த்தால் மாட்டாது. இதை நன்றாக அறிந்த ஒரு ஜெர்மானியக் கொள்முதல் அதிகாரியின் மேசையில் அந்தக் கையேடு போய் விழுந்திருந்தால், அதன் கீழே இருந்திருக்கக்கூடியது எங்கள் பெயர்.

லிங்க்ட்இன் விளம்பரங்களுக்குச் செலவான 3,60,000 ரூபாயை நான் முழு நஷ்டமாகவே எழுதுகிறேன். பன்னிரண்டு நிறுவனங்களில் கொள்முதல், தரம், வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் இருக்கிறவர்களை மட்டும் குறிவைத்தபோது எண்ணிக்கை 300-ஐத் தொடவில்லை. 300 பேருக்குக் குறைவான இலக்குக் குழுவுக்கு அந்தத் தளத்தில் விளம்பரம் ஓடாது. இது தளத்தின் வெளிப்படையான விதி, அவர்களைக் குறை சொல்ல இடமில்லை; ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தக் கூட்டலை முகமை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பட்டியலை 90 நிறுவனங்களாகப் பெருக்கினார்கள். நிர்வாக இயக்குநரை மனம் நோகவைத்து அடித்த பெயர்களில் பல இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தன.

அதைவிட வேடிக்கை மாதாந்தர அறிக்கை. எந்த நிறுவனத்திலிருந்து எத்தனை பேர் எங்கள் இணையதளத்துக்கு வந்தார்கள் என்பதை ஐபி முகவரியைக் கொண்டு கணித்து, பச்சை மஞ்சள் சிவப்பு என்று நிறம் கொடுத்துக் காட்டுவார்கள். பிப்ரவரி அறிக்கையில் ஓர் இத்தாலிய நிறுவனம் பளிச்சென்று பச்சையில் இருந்தது. அவர்கள் வாங்கும் ஆர்வத்தில் இருக்கிறார்கள், உடனே தொடர்புகொள்ளுங்கள் என்று குறிப்பும் இருந்தது. எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பெரும்பாலான வருகைகள் எங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு வந்தவை. அந்த நிறுவனத்துக்கு இந்தியாவிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் எங்களிடம் வேலை காலியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது பரவிய பிறகு ஐபி முகவரியைக் கொண்டு நிறுவனத்தை அடையாளம் காண்பது முன்பைவிட நிச்சயமற்றதாகிவிட்டது. அப்படியே சரியாகக் கண்டுபிடித்தாலும், வந்தவர் எதற்காக வந்தார் என்பதை நிறங்கள் சொல்லிவிடாது. மென்பொருள் விற்கிறவர்களுக்கு, ஆயிரக்கணக்கான வருகைகளுக்கு நடுவே, இத்தகைய குறிப்புகள் பயன்படலாம். மாதத்துக்கு முந்நூறு வருகை வரும் ஒரு ஃபவுண்டரியின் இணையதளத்தில் இது கிளி ஜோசியம்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணையப் பக்கம் செய்ததில் மற்றுமொரு சங்கடம் நேர்ந்தது. பக்கத்தின் உச்சியில் அந்தந்த நிறுவனத்தின் இலச்சினையைப் பெரிதாகப் போட்டு, உங்களுக்காகவே என்று எழுதியிருந்தார்கள். தங்கள் இலச்சினையைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது யார் என்று டென்மார்க்கிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டுப் பன்னிரண்டு பக்கங்களையும் அன்றைக்கே எடுத்துவிட்டோம். அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டியதாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது மாதத்தில் பகுப்பாய்வாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர், உங்கள் நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்பதிலிருந்து கேள்விப் படிவத்தைத் தொடங்கினார். நாங்கள் பேசியவை அனைத்தும் சோஹோ சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் பதிவு மென்பொருளில் நிறுவனவாரியாகப் பதிவாகியிருந்ததால் ஓரளவு தப்பித்தோம். அந்தப் பதிவுகளும் எங்கள் ஏற்றுமதிப் பிரிவு உதவியாளர் ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து ஏற்றியவை. ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஆளின் பெயரையும் குறைந்தபட்சக் காலத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இந்தச் சேவையில் முகமையின் பெயரைவிட நமக்கென்று ஒதுக்கப்படும் ஆள்தான் முக்கியம்.

மின்னஞ்சல் வழி அடைபட்டதால் நடந்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய நிறுவனங்களுக்குக் காகிதக் கடிதம் அனுப்புவது என்று முடிவானது. மேற்கு ஜெர்மனி நிறுவனத்தில் புதிய பொறியாளர் பிப்ரவரியில் பணியில் சேர்ந்ததை லிங்க்ட்இன்னில் பார்த்துவிட்டு, அவர் பெயருக்கே ஒரு சிறிய பெட்டி தயாரித்தோம். முகமை எழுதிக்கொடுத்த வரைவில் எங்கள் நிறுவனத்தின் வரலாறும் தொலைநோக்கும் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. குவாலிட்டி மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பையனுக்கு நம்ம தாத்தா கதை எதுக்குங்க? அவனுக்கு நம்பர் வேணுமுங்க." பிறகு அவரே உட்கார்ந்து, கடைசியாக ஊற்றிய 30 ஹீட்டுகளின் (ஒரு முறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட்) மைனஸ் 20 டிகிரி சோதனை முடிவுகளை ஒரே பக்க அட்டவணையாக்கினார். 30-இல் இரண்டு ஹீட் தேறாமல் போயிருந்தன. அவற்றையும் மறைக்காமல் போட்டு, அந்த வார்ப்படங்களை உடைத்து மீண்டும் உலைக்கே அனுப்பிவிட்டோம் என்று ஒரு வரி எழுதினார். முகமைக்கு அந்த வரி பிடிக்கவில்லை. நீக்கிவிடலாம் என்று மூன்று முறை கேட்டார்கள். கூடவே, கேசிங் சுவரிலிருந்து அறுத்தெடுத்துப் பாலிஷ் போட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டும், அதன் கிராஃபைட் உருண்டைகள் மிளகு சிதறியது போலத் தெரியும் 100 மடங்கு பெரிதாக்கிய படமும் பெட்டியில் வைக்கப்பட்டன.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வணக்கம், நன்றி என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரே கேள்விதான் இருந்தது: சிலிக்கானை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? சிலிக்கான் ஏறினால் குளிரில் உலோகம் நொறுங்கும் தன்மை கூடும் என்பதால், இந்த உலோகத்தை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதாவது எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரியும். பதிலை மூன்று நாளில் மெருகேற்றித் தருவதாக முகமை சொன்னது. நாங்கள் காத்திருக்கவில்லை. குவாலிட்டி மேனேஜர் அன்று மாலையே, உலோகத்தின் சேர்மானத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் அறையில் நின்றபடி, இலக்கணப் பிழைகளோடு அரைப் பக்க ஆங்கிலத்தில் பதில் எழுதி அனுப்பினார். அந்த வாரத்திலேயே வரைபடம் வந்தது.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேரிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. டென்மார்க்கையும் சேர்த்து நான்கு பேர் வேண்டாம் என்றோ பிறகு பார்க்கலாம் என்றோ எழுதினார்கள். இருவரிடமிருந்து என்கொயரி வந்து விலைப்புள்ளி கொடுத்திருக்கிறோம். ஒருவர், அந்த மேற்கு ஜெர்மனி நிறுவனம், ஆறு கேசிங்குகளுக்கு மாதிரி ஆர்டர் கொடுத்தார். 212 விசிட்டிங் கார்டுகளிலிருந்து கிடைக்காதது இதில் கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் ஆறு கேசிங் என்பது இன்னும் 40 டன் ஆகிவிடவில்லை. போட்ட பணம் திரும்பியதா என்று கேட்பவர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்பதே பதில். ஒன்பது மாதத்தில் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் தொழிலும் இதுவல்ல.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், முதல் மூன்று மாதங்களுக்கு நான்கரை கொடுப்பேன். மீதி ஆறு மாதங்களுக்கு ஒன்றரை. பட்டியலைச் சுருக்குவதிலும் நிறுவனங்களை ஆராய்வதிலும் அவர்கள் செய்ததை நாங்களாகச் செய்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு செய்த விளம்பரம், இணையப் பக்கம், வண்ண அறிக்கை எதுவும் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை. கடிதத்தை எழுத வேண்டியவர் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்; அந்த வேலையை வெளியில் கொடுத்தால் தொலைநோக்கும் தாத்தா கதையும்தான் வரும். இப்படிப் பிரித்து வாங்க முடியுமா என்பதே இச்சேவையை நாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மே மாத இறுதியில் முகமை எங்களிடம் கொடுத்த புதிய திட்டத்தில் 300 நிறுவனங்கள் இருந்தன, மாதக் கட்டணமும் 40 சதவீதம் கூடியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மாதம், பட்டியலும் ஆய்வும் மட்டும் போதும், அதுவும் பழைய பகுப்பாய்வாளருக்கு நிகரான ஒருவர் இருந்தால் மட்டும் என்று எழுதினோம். அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இல்லை என்று முதலில் சொன்னவர்கள், இரண்டு வாரம் கழித்து அதற்கும் ஒரு விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார்கள். அது நிர்வாக இயக்குநரின் மேசையில் இருக்கிறது.

ஆறு கேசிங்குகளும் தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றின் ஃபிளாஞ்ச் (குழாயோடு இணையும் விளிம்பு) தடிமன் 0.4 மில்லிமீட்டர் குறைவாக இருப்பதாக அந்தப் பொறியாளரிடமிருந்து படத்துடன் கடிதம் வந்திருக்கிறது. உட்குழிவை உருவாக்க அச்சுக்குள் வைக்கும் கோர் சற்று நகர்ந்திருக்க வேண்டும் என்று குவாலிட்டி மேனேஜர் பேட்டர்ன் ஷாப்பில் இரண்டு நாளாக அளந்துகொண்டிருக்கிறார். ஆடிட்டுக்கு நேரில் வரும்போது சிலிக்கான் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் அந்தப் பொறியாளர் கேட்டிருக்கிறார்.